எட்டாவது சான்று

மெரிடித் டீச்சர் ஒரு மாட்டுப் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டபோது ஒக்பாயின் நகக்கண்ணில் மாட்டுக் கொழுப்பு ஒட்டியிருந்தது. அன்று காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டரை வரைக்கும் அவன் முன்னால் சங்கிலியில் தொங்கிக்கொண்டு போன முன்னந்தொடைகள் ஆயிரத்துக்குக் குறையாது. எலும்பிலிருந்து சதையைப் பிரித்து விடுவது அவன் வேலை. ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறான். மாட்டுக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரிய கட்டிடம் கட்டி, வாசலில் கையெழுத்து வாங்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, படித்த பெண்மணி ஒருத்தி மாட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டால் விஷயம் மாடாக இருக்க முடியாது.

பக்கத்து நாற்காலியில் ஹிவெத் இருந்தாள். அதே ஆலையில் ரத்தக் கோட்டுகளைத் துவைக்கும் பிரிவில் மாலை ஷிப்ட் பார்ப்பவள், அவன் ஊர்க்காரி, எரித்திரியாக்காரி. அவர்கள் பாஷையில் குனிந்து சொன்னாள்.

"சொல்லிராதீங்கண்ணே. ஆலையில மாடு எதுவும் காணாமப் போச்சோ என்னவோ."

இருபத்திரண்டு பேர் அந்த வகுப்பில். பதினான்கு பேர் ஆலைக்காரர்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மெரிடித் டீச்சர் புன்னகை மாறாமல், "மாடு," என்று தானே சொல்லி, பலகையில் எழுதி, மூன்று முறை எல்லாரையும் சொல்லவைத்தாள். அவள் நல்ல மனுஷி. அதுதான் ஒக்பாய்க்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவன் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அவனுடைய வலது கை. ஷிப்ட் முடிந்து கத்தியைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் கத்தியை விடுவதில்லை. இல்லாத பிடியைப் பிடித்துக்கொண்டு வளைந்தபடியே நிற்கும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் முக்கி, இடது கையால் ஒவ்வொரு விரலாக நெம்பித் திறக்கவேண்டும். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னொரு வருஷம் கத்தி பிடித்தால் கை இப்படியே நின்றுவிடும் என்றார். மேஸ்திரி டுவெய்னிடம் போய்க் கையைக் காட்டினான். டுவெய்ன் கெட்டவன் இல்லை.

"குளிர்கிடங்குல ஃபோர்க்லிப்ட் ஓட்ட ஆள் வேணும்," என்றான். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஊர்ல பதினோரு வருஷம் லோடர் ஓட்டினேன்."

"அப்ப ஓட்டிருவ. ஆனா மேல இருக்கவங்க இங்கிலீஷ் நாலாம் நிலைன்னு ஒரு லெட்டர் கேப்பாங்க. மே மாசம் முடியறதுக்குள்ள கொண்டா. அதுவரைக்கும் எடத்த வச்சிருக்கேன்."

"இப்ப நாம இங்கிலீஷ்லதான பேசுறோம்?"

"ஆமா. ஆனா லெட்டர் இல்லயே."

லெட்டர் கொடுக்கும் இடம் குடியேறிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் இந்த நல்வரவு மையம். அங்கே தேர்வு கிடையாது. தேர்வு மனிதர்களை மிரட்டுகிறது, அதனால் அதை ஒழித்துவிட்டோம் என்று மையத்தின் இயக்குநர் திருமதி பீல் முதல் நாளே சொன்னாள். தேர்வுக்குப் பதிலாக ஆளுக்கொரு தடித்த நீலக் கோப்பு. ஒரு நிலையைத் தாண்ட எட்டுச் சான்றுகள் அந்தக் கோப்பில் சேரவேண்டும். தபால்காரரிடம் பேசினால் ஒரு சான்று, காய்கறிக் கடையில் விலை கேட்டால் ஒரு சான்று. பேசிவிட்டால் மட்டும் போதாது. பேசியதாகத் தாள் இருக்கவேண்டும், தாளில் டீச்சரின் பச்சை மையில் ஒரு டிக் இருக்கவேண்டும். ஒக்பாய் அந்தக் கோப்பைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். சூடான் முகாமில் ஒன்பது வருஷம் அவனுக்கு ஒரு கோப்பு இருந்தது. அது இதைவிட மெலிசு.

முகாமில் கற்றதுதான் வகுப்பில் வினையானது. அங்கே வருஷத்துக்கு ஒரு புது அதிகாரி வருவார், பழைய கேள்வியைக் கேட்பார். எல்லையை எந்த நாள் தாண்டினாய், கூட எத்தனை பேர், நிலா இருந்ததா. போன வருஷம் சொன்ன பதிலையே இந்த வருஷமும் சொல்லவேண்டும். அரை நிலா என்று சொன்னவன் அடுத்த தடவை முக்கால் நிலா என்றால் போச்சு, கோப்பு அடியில் போய்விடும். ஒக்பாய்க்குத் தெரிந்த ஒரு ஆள், கழுதையின் நிறத்தை மாற்றிச் சொன்னதற்காக நான்கு வருஷம் கூடுதலாக இருந்தான்.

மெரிடித் டீச்சர் திங்கட்கிழமை தவறாமல் கேட்டாள். "வாரக்கடைசியில என்ன பண்ணீங்க, ஒக்பாய்?"

"சனிக்கிழமை துணி துவைச்சேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனேன். அப்புறம் ஷிரோக் குழம்பு சாப்பிட்டேன்."

அடுத்த திங்கட்கிழமையும் துணி, கோயில், ஷிரோ. அதற்கடுத்த வாரமும். நடுவில் ஒரு வாரம் கூட்டாளி ஒருத்தனுக்கு வயிற்றுவலி என்று பனியில் கால்கரி நகரம் வரை காரோட்டிப் போய், ஆஸ்பத்திரியில் நர்ஸோடு இங்கிலீஷில் சண்டைபோட்டு, அறுவைக்குச் சேர்த்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை கேட்டபோது துணி துவைத்ததாகச் சொன்னான்.

"ஏண்ணே அதைச் சொல்லல?" என்றாள் ஹிவெத் வெளியே வந்ததும்.

"போன வாரம் சொன்னது ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணுன்னா, ஏன் மாறிச்சுன்னு கேப்பா."

"அவ சும்மா கேக்கறா."

"சும்மா கேக்கறவங்க எழுதி வைப்பாங்களா? அவ எழுதறா பாரு."

ஹிவெத் யோசித்துப் பார்த்தாள். அவள் மட்டும் என்ன, எல்லா வாரமும் தலை பின்னிக்கொண்டதாகத்தான் சொல்லியிருந்தாள். வகுப்பு முழுக்க அப்படித்தான். பர்மாக்காரர் ஒருத்தர் பதினான்கு வாரமாக ஒரே மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகாமைத் தாண்டி வந்தவர்கள் ஒருத்தரும் கேள்விக்குப் புதிதாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள் இல்லை.

மெரிடித் டீச்சர் உண்மையாகவே எழுதித்தான் வைத்தாள். குடியேறிகளின் வாழ்க்கையில் மாற்றமே இல்லை, வாராவாரம் ஒரே காரியம், மகிழ்ச்சிக்கான அறிகுறிகள் குறைவு என்று மேலே அறிக்கை போனது. திருமதி பீல் அதைப் படித்துக் கண்கலங்கி, தலைநகருக்கு மனுப் போட்டாள். தலைநகரம் அனுமதித்தது. எட்டுச் சான்றுகளில் மூன்று இனிமேல் வெளியுலாவில் கிடைக்கவேண்டியவை என்று சுற்றறிக்கை வந்தது. ஒக்பாய் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த எட்டில் தபால், காய்கறி, வீட்டுவாடகை மூன்றும் செல்லாமல் போயின. நான்காம் நிலைக்கு எட்டும் சேர்த்து லெட்டருக்குக் காத்திருந்தவன், மூன்று தாள் பாக்கியானான்.

முதல் உலாவுக்கு முந்தின நாள் டீச்சர் கைதட்டிச் சொன்னாள். "நாளைக்கு சனிக்கிழமை, காலையில பஸ் வரும். எங்க போறோம்னு சொல்லமாட்டேன். இன்ப அதிர்ச்சி."

எங்கே போகிறோம் என்று சொல்லாத ராணுவ வண்டி ஒன்றில் ஒக்பாய் பதினெட்டு வயதில் ஏறியிருக்கிறான். இறங்கப் பதினோரு வருஷம் ஆனது.

மறுநாள் இருபத்திரண்டு பேரும் வந்து நின்றதைப் பார்த்து டீச்சர் நெகிழ்ந்துபோனாள். ஒவ்வொருத்தரிடமும் கம்பளி, தண்ணீர்க் கேன், மூன்று நாளைக்குக் காணும் ரொட்டி. சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் எல்லாப் பத்திரமும். ஹிவெத் அடுப்பும் காப்பிக்கொட்டையும் எடுத்து வந்திருந்தாள். "எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் காப்பி இல்லாம சாகக்கூடாது," என்றாள்.

"பிக்னிக் உற்சாகம் அபாரம்," என்று டீச்சர் தன் தாளில் எழுதிக்கொண்டாள்.

பஸ் ஒரு பண்ணையில் போய் நின்றது. சிவப்புக் கொட்டகை, வைக்கோல், வேலிக்குள் ஒரு மாடு. பண்ணைக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொல்லி, பயப்படாதீர்கள், இது சாதுவான பிராணி என்றார். பதினான்கு ஆலைக்காரர்களும் ஒரு அடி முன்னே வைத்தார்கள். மாடு மூக்கை உயர்த்தி ஒரு தடவை முகர்ந்தது. அவர்களுடைய பூட்ஸை எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை போகாது. மாடு பின்னாலேயே நகர்ந்து கொட்டகைச் சுவரில் முட்டி, அங்கேயே நின்று நடுங்கியது.

"முன்னெப்பவும் இப்படிப் பண்ணினதில்லயே," என்றார் பண்ணைக்காரர்.

"ஒக்பாய், மாட்டப் பத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்க. அது எப்படி உணருது?" என்றாள் டீச்சர்.

ஒக்பாய் மாட்டைப் பார்த்தான். "அதுக்கு எங்களத் தெரியும்," என்றான் இங்கிலீஷில்.

டீச்சரின் தாளில் 'மாடு மகிழ்ச்சியாக இருக்கிறது' என்ற பதில்தான் அச்சாகியிருந்தது. இருந்தாலும் இரக்கப்பட்டு டிக் போட்டாள். ஒன்று.

இரண்டாவது உலாவை டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டாள், போன தடவை எல்லாரும் அளவுக்கு மீறிச் சுமந்து வந்ததால். போலீஸ் நிலையம். அன்பான அதிகாரிகள், காவல் காரில் ஏறி உட்காரலாம், கடைசியில் ஆளுக்கொரு அட்டையில் பத்து விரல் ரேகையும் வைத்து நினைவுப்பரிசாகத் தருவார்கள்.

"தருவாங்களா, வச்சுக்குவாங்களா?" என்று பர்மாக்காரர் கேட்டார். அவர் அந்த வருஷம் கேட்ட முதல் கேள்வி அது.

அன்று பஸ்ஸில் இரண்டே பேர் ஏறினார்கள். ஒருத்தர் அது ஆலை பஸ் என்று நினைத்து ஏறியவர். மற்றவர் உக்ரைனிலிருந்து வந்து மூன்று நாள் ஆனவர், யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒக்பாய்க்கு வரவில்லை என்று பதிவானது. அந்தச் சான்று ஈடுசெய்ய முடியாதது அல்ல என்று டீச்சர் ஆறுதல் சொல்லி, அவனை நூலகத்துக்குத் தனியாக அனுப்பி, உறுப்பினர் அட்டை வாங்கிவரச் செய்து, சிறப்பு அனுமதியின் பேரில் டிக் போட்டாள். இரண்டு. மீதம் ஒன்று. கோப்பில் எட்டாவது. மே மாதம் பிறந்திருந்தது.

இதற்கிடையில் மையத்தின் ஆண்டு விழா வந்தது. கேக் வெட்டினார்கள். தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று திருமதி பீல் பேசினாள்.

"நம்ம மையத்தோட பெருமைய ஒரே வரியில சொல்லணும்னா, வந்தவங்க யாரும் போறதில்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்தவங்க இன்னும் நம்மகூட இருக்காங்க. தெக்க ஒரு மையம் இருக்கு, பேர் சொல்ல விரும்பல. அங்க பாதிப்பேரு ஒரே வருஷத்துல இங்கிலீஷ் கத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. அவங்களால ஆளைத் தக்கவச்சுக்க முடியல. இப்ப அந்தக் கட்டிடத்துல டயர் விக்கிறாங்க. அந்த நெலமை நமக்கு வராது. வர விடமாட்டேன்."

கைதட்டல். அதிகாரி எழுந்தார்.

"நான் இங்க யாரோடயும் பேசல. பேசினா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். ஆனா காலையிலேருந்து கோப்புகளப் பார்த்தேன். ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. இவ்வளவு சந்தோஷமான கோப்புகள நான் வேற எங்கயும் பார்த்ததில்ல."

ஒக்பாய் கேக்கை இடது கையில் வைத்துக்கொண்டு நின்றான். வலது கையில் தட்டு நிற்கவில்லை. "கேட்டியா," என்றான் ஹிவெத்திடம்.

"கேட்டேன். நம்ம ஊர்லயும் இப்படித்தான. யாரும் போகாம பார்த்துக்கிட்டாங்க."

"அங்க துப்பாக்கி வச்சிருந்தாங்க."

"இங்க கேக்கு."

கடைசி உலாவின் அறிவிப்பு மே மூன்றாம் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, 'உழைக்கும் உலகம்: ஒரு பணியிடத்தைப் பார்வையிடல்'. பணியிடம் எது என்று கீழே எழுதியிருந்தது. ஒக்பாய் இரண்டு தடவை படித்தான். இறைச்சி ஆலை. அவனுடைய ஆலை. அவனுடைய ஷிப்ட். ஹிவெத்துக்கு மாலை ஷிப்ட், பிரச்சினை இல்லை. அவன் டுவெய்னிடம் போனான்.

"செவ்வாக்கிழம ஒரு மணிநேரம் லீவு வேணும்."

"எங்க போகணும்?"

"இங்கதான்."

"இங்கதான இருக்க?"

"அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கணும். எங்க கிளாஸ் வருது. அவங்களோட நின்னு பார்க்கணும்."

டுவெய்ன் சுற்றிலும் பார்த்தான், யாராவது விளையாடுகிறார்களா என்று. "என்னத்தப் பார்க்கணும்?"

"இதத்தான்."

"தம்பி, அன்னைக்கு ஆள் பார்க்க வர்றாங்கன்னு மேல இருந்து ஆர்டர். லைன்ல ஒரு எடம்கூடக் காலியா இருக்கக்கூடாதாம். நீ அந்தப் பக்கம் போயிட்டா அவங்க யாரப் பார்ப்பாங்க?"

ஒக்பாய் மெரிடித் டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் வாடியது. "நாள மாத்த முடியாதே. பஸ் சொல்லியாச்சு. ஆனா நீங்க அங்கதான இருப்பீங்க? நல்லதுதான். பார்த்துக்கலாம்." பார்த்துக்கலாம் என்ற வார்த்தையை அவன் மூன்று நாடுகளில் கேட்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வகுப்பு வந்து நின்றது. அவர்களுக்குக் காகிதத் தொப்பி போட்டிருந்தார்கள். பதினான்கு ஆலைக்காரர்களில் மாலை ஷிப்ட்காரர்கள் அங்கே நின்று, தாங்கள் சாயங்காலம் செய்யப்போகும் வேலையைக் கண்ணாடி வழியாகக் கவனித்தார்கள். டீச்சர் ஒக்பாயை அடையாளம் கண்டு குதூகலமாகக் கையசைத்தாள். அவன் கத்தியோடு கையை உயர்த்தினான். அதற்குள் இரண்டு தொடை தாண்டிப் போனது, டுவெய்ன் கத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சரின் உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன கேட்கிறாள் என்று காதில் விழவேண்டியதில்லை. அந்த மனிதர் என்ன செய்கிறார்? வகுப்பு ஒரே வாயாகப் பதில் சொன்னது. அந்த மனிதர் என்ன அணிந்திருக்கிறார்? வகுப்பு அதற்கும் சொன்னது. அந்த மனிதர் தன் வேலையை விரும்புகிறாரா? ஹிவெத் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள். அவளை டீச்சர் தோளில் தட்டி ஊக்குவித்தாள். யாரோ படம் எடுத்தார்கள். இருபது நிமிஷத்தில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். கீழே அவன் அதற்குள் ஐம்பது தொடை வெட்டியிருந்தான்.

வியாழக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். செவ்வாய் உலா: ஒக்பாய், வரவில்லை.

மெரிடித் டீச்சர் அழாத குறை. "எனக்குத் தெரியும் நீங்க அங்க இருந்தீங்கன்னு. ஆனா வாசல்ல இருந்த தாள்ல கையெழுத்து இல்லயே. தாளத்தான் அவங்க பார்ப்பாங்க. நீங்க மேடத்தப் பாருங்க."

ஹிவெத் தன் நீலக் கோப்பைத் திறந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். அதில் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைக் கோட்டு, மஞ்சள் ஹெல்மெட், முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கையில் கத்தி. கீழே அவள் கையெழுத்தில், 'இந்த மனிதர் மாட்டை வெட்டுகிறார். இவருக்குக் கை வலிக்கிறது.' பச்சை மையில் டிக்.

"உங்களப் பார்த்துத்தான் எனக்கு எட்டு நெறைஞ்சுது. எடுத்துட்டுப் போங்கண்ணே. துணி துவைக்கறவளுக்கு நாலாம் நிலை என்னத்துக்கு?"

மறுநாள் மே இருபத்தொன்பது. ஷிப்ட் முடிந்து, வெந்நீர் வைக்கக்கூட வீட்டுக்குப் போகாமல், நேராக மையத்துக்குப் போனான். திருமதி பீல் எழுந்து நின்று வரவேற்று, உட்காரச் சொல்லி, ஒரு கிண்ணத்திலிருந்து மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"செவ்வாக்கிழமை எங்க இருந்தீங்க?"

"ஆலையில."

"வகுப்பும் ஆலையிலதான இருந்துச்சு?"

"ஆமா."

"ஆனா வகுப்புல நீங்க இல்ல."

"வகுப்பு என்னைத்தான் பார்த்துச்சு. இதோ படம்."

அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மொகம் தெரியலயே. இது நீங்கதான்னு எப்படிச் சொல்றது?"

"லைன்ல ஏழாவது எடம் என்னோடது. மேஸ்திரிய கேளுங்க. டீச்சர கேளுங்க, கைய ஆட்டினாங்க."

"ஒக்பாய், நீங்கதான்னே வச்சுக்குவோம். அப்பவும் நீங்க பார்க்கப்பட்டிருக்கீங்க. பார்வையிடல. சான்று பார்வையிட்டவங்களுக்குத்தான். நீங்க பாடப்பொருளா இருந்தீங்க. அதுவும் ஒரு பங்களிப்புதான், நாங்க மதிக்கிறோம். ஆனா பாடப்பொருளுக்கு நாங்க லெட்டர் குடுத்ததில்ல."

"ரெண்டு நாள்ல அந்த வேலை போயிரும். நான் எலும்புலேருந்து சதையப் பிரிக்கிறவன். என் கை போனா ஆலை என்னை வெளிய அனுப்பிரும். நான் இப்ப உங்ககிட்ட அரைமணி நேரமா பேசிக்கிட்டிருக்கேன். நீங்க சொல்றது எனக்கு வெளங்குது. நான் சொல்றது உங்களுக்கு வெளங்குதா?"

"முழுசா வெளங்குது. ரொம்ப அழகா சொல்றீங்க."

"அப்ப இது எந்த நிலை?"

திருமதி பீல் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். "இதுக்குத் தாள் இல்லயே. இது திட்டமிடாத உரையாடல்."

ஒக்பாய் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். ஷிப்ட் முடித்த கை. நான்கு விரலும் உள்ளே வளைந்து, கட்டைவிரல் குறுக்கே படிந்து, இல்லாத கத்தியை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தது. பாருங்கள் என்பதுபோல் அவள் பக்கமாக நகர்த்தினான்.

திருமதி பீலின் முகம் மலர்ந்தது. எழுந்து, இரண்டு கையாலும் அந்தக் கையைப் பற்றி, மேலும் கீழுமாக உற்சாகமாகக் குலுக்கினாள். வலி முழங்கையைத் தாண்டித் தோள்வரை ஏறியது. ஒக்பாய் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உட்கார்ந்து, அவன் கோப்பைத் திறந்து, புதுத்தாள் ஒன்றைச் செருகி, பச்சை மையில் எழுதிக்கொண்டே வாசித்தாள். "கைகுலுக்கி விடைபெறுதல். நிலை ஒன்று. சிறப்பாகச் செய்தார்." தாளை அவன் பக்கம் திருப்பி, கீழே ஒரு கையெழுத்து என்று பேனாவை நீட்டினாள்.

பேனா கத்திப்பிடியைவிட ஒல்லி. அவன் விரல் இடுக்கில் நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"அவசரமே இல்ல," என்றாள் திருமதி பீல், கோப்பை மூடி அலமாரியில் வைத்தபடி. "கோடை லீவு முடிஞ்சு செப்டம்பர்ல போட்டுக்கலாம்."